நாலாவது மூலை

என் மருமகளுக்குத் தண்ணீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் வேலை. காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் ஐந்து மணி வரை ஊரார் திட்டு முழுக்க அவள் காதுக்குத்தான். வீட்டுக்கு வந்தால் நான் இருக்கிறேன். என் வாய் சும்மா இருக்காது, அது ஊரறிந்த விஷயம். ஏழு மாதம் கழித்து இரண்டு நாள் லீவு கிடைத்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"யாரும் பேசாத இடமா ஒரு நாள் படுத்துத் தூங்கணும். அவ்வளவுதாங்க."

மகன் லிஃப்ட் மெக்கானிக். பழைய டென்ட் ஒன்றைப் பிடித்து வந்தான். இரண்டு கம்பம் நட்டு, நாலு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் நிற்கும் ரகம். மூன்று நாள் ஹாலிலேயே ஒத்திகை. ஒரு கயிறு சோபா காலில், ஒன்று சாப்பாட்டு மேஜையில், ஒன்று ஜன்னல் கம்பியில், ஒன்று பீரோ கைப்பிடியில். கடைசி நாள் பதினொரு நிமிஷத்தில் கட்டிவிட்டான். ஒன்பது வயதுப் பேத்தி கைதட்டினாள்.

ஏரிக்கரை முகாமுக்குப் போனால் அங்கே பல்வரிசை மாதிரி டென்டுகள். பக்கத்து டென்டில் கொட்டாவி விட்டால் நாம் வாயைப் பொத்த வேண்டும். இரண்டு ஸ்பீக்கர், இரண்டு பாட்டு. மருமகள் காதைத் தேய்த்துக்கொண்டாள். மகன் பையைத் தூக்கித் தோளில் போட்டான். மேட்டைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் நடந்தோம். வழியெல்லாம் என் முட்டியைப் பற்றி நான் பேசிக்கொண்டே வந்தேன், வேறு யார் பேசுவார்கள்?

அந்தப் பக்கம் வெறும் புல்வெளி. மரம் கிடையாது. காற்று மட்டும்.

மகன் டென்டை விரித்தான், கம்பத்தைப் பிடித்தான், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னடா தேடுற?"

"முளைம்மா. தரையில அடிக்கிற முளை."

"எங்க வச்ச?"

"டிவிக்குக் கீழ, டிராயர்ல. பிரிக்கவே இல்ல. ஹால்ல அது தேவைப்படலையே."

"யானைய ஓட்டிட்டு வந்தவன் அங்குசத்தை வீட்டுல வச்சுட்டானாம்!" என்றேன்.

"சோபாவத் தூக்கிட்டு வந்திருக்கலாம்ப்பா" என்றாள் பேத்தி.

மகனுக்கு முகம் சிறுத்துவிட்டது. "இருட்டுறதுக்குள்ள முகாமுக்கே திரும்பிடலாம். அங்க வேலி இருக்கு, கட்டிக்கலாம்."

மருமகள் புல்லில் உட்கார்ந்தாள். "நீங்க போங்க. நான் இப்படியே படுத்துக்கறேன்."

யார் போவது? ஒரு மூலைக்கு ஒரு பை என்று கட்டிப் பார்த்தோம். மகன் பை நின்றது. மருமகள் பை நின்றது. என் பையைத் தூக்கிய மகன், "பாறையா வச்சிருக்க?" என்றான். நாலாவது மூலைக்குப் பேத்தியின் பைதான் மிச்சம். காற்று அதைப் பந்து மாதிரி உருட்டியது. கீழே ஓடையில் கல் கிடக்கும் என்று மகனும் பேத்தியும் இறங்கினார்கள். அதுவரைக்கும் அந்தக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் அத்தை இப்ப சோபா" என்றாள் மருமகள். "என்ன வேணா பேசுங்க, எந்திரிச்சுடாதீங்க."

உள்ளே போய்ப் படுத்தாள்.

சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. எறும்பு ஏறியது. மேகம் ஒரு தினுசாக இருந்தது. பீரோ சாவியை எங்கே வைத்தேன் என்ற சந்தேகம் வேறு. பேசலாம் என்று திரும்பினால், அவள் ஒரு கையைக் காதின்மேல் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். காற்று இழுத்தது, நானும் இழுத்தேன். கைக்கடிகாரத்தில் நாற்பது நிமிஷம் போனது.

மகன் கல்லோடு மேலே வந்தான். "அம்மா, இந்தக் கல்லு போது..."

உதட்டில் விரல் வைத்தேன்.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கல்லைச் சத்தமில்லாமல் இறக்கினான். "எந்திரிம்மா, கட்டிடறேன்" என்று கிசுகிசுத்தான். கயிற்றை அவிழ்த்தால் துணி படபடக்கும். தலையை ஆட்டி மறுத்தேன்.

பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காதருகே மெல்லக் கேட்டாள்:

"பாட்டி, உனக்கு உடம்பு சரியில்லையா?"