கொம்பையா அண்ணாச்சி தொட்ட கருப்பு

தீப்பெட்டி லேபிள் வரைகிற எங்கள் மென்பொருளுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டிதான் உயிர். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள். இழுக்க இழுக்கப் பக்கத்துச் சதுரத்தில் நிறம் மாறும். விஷுவல் பேசிக்கில் அதைச் செய்து முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கொம்பையா அண்ணாச்சி வாங்கினால் நான் புரோகிராமர். வாங்காவிட்டால் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கப் போ என்று முதலாளி தேவஆசீர்வாதம் சார் சொல்லிவிட்டார். அதற்கா நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன்?

அண்ணாச்சி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருப்பவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டார். நான் நிறப் பெட்டியைத் திறந்தேன். மூன்று பட்டையும் பூஜ்யத்தில் நின்றால் சதுரம் கருப்பாகத்தானே இருக்கும்?

"சிவசிவா! புது லேபிளுக்கு உக்காருதேன், மொதமொத கருப்பைக் காட்டுதியே பாப்பா!" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் மறுபடி வந்தபோது, நான் மாற்றி வைத்திருந்தபடி பெட்டி மஞ்சளில் திறந்தது. அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம். பின்னணிக்கு மஞ்சள், ஓகே. அவருடைய லேபிளின் அடையாளமான மயிலுக்கு நிறம் கேட்டுப் பெட்டி மறுபடி திறந்தது. மங்களகரமாக வந்ததை மாற்றுவானேன் என்று அதற்கும் ஓகே அமுக்கினார்.

"மயில எங்க?"

"மஞ்சள்ல மஞ்சள் மயிலு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"மயிலைக் காட்டத் தெரியாத மிஷினு எனக்கு எதுக்கு? நான் பழையபடி பிரஸ்லயே பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி எழுந்தார். என் வாய் முந்திக்கொண்டது. "பச்சப்பிள்ளைய என்னதான் ஜோடிச்சாலும், கன்னத்துல திருஷ்டிப்பொட்டு வைக்காம வெளிய தூக்கிட்டுப் போவாகளா அண்ணாச்சி?"

எழுந்தவர் உட்கார்ந்தார். மயிலைச் சுற்றி மெல்லிசாக ஒரு கருப்புக் கோடு கொடுத்தேன். மயில் பளிச்சென்று தெரிந்தது.

"திருஷ்டிக்கா? ஊரு கண்ணு பூராவும் என் பெட்டி மேலதான் கெடக்கு. இத்துனூண்டு கோடு எங்கன பத்தும்?"

மவுஸைப் பிடுங்கிப் பின்னணியைத் தொட்டார். மூன்று பட்டையையும் அவரே அடிமட்டத்துக்கு இழுத்தார். லேபிள் முழுக்க அமாவாசை. நடுவில் மஞ்சள் மயில் ஜொலித்தது.

"புரோகிராமு எனக்குத்தான்" என்று சாரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு பாப்பா. இந்தக் கருப்பை வேற எவனுக்கும் விக்கக்கூடாது."

"விக்கவே மாட்டோம் அண்ணாச்சி" என்றேன். புரோகிராமராக நான் சொன்ன முதல் பொய் அது.