ஒரே ஒருத்திக்குப் பன்னிரண்டு மணி நேரம்

காலை ஐந்தரைக்குத் தையல்காரி மலையடிவாரக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அங்கே பத்தொன்பது நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஒன்றில்கூட ஆள் இல்லை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டு, யார் முதலில் பேசுவது என்பதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர்தான் போட்டியை நடத்துபவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர்தான் வாயைத் திறந்தார்.

"மேடம், விடியறதுக்கு முன்னாடி கீழ ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு. கார்ல வந்தவங்க எல்லாரும் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. பதினெட்டு பேரும் திரும்பிப் போறோம்னு மெசேஜ் போட்டுட்டாங்க."

"அப்ப நான் மட்டுமா?"

"நீங்க நேத்து சாயங்கால பஸ்ல வந்ததால தப்பிச்சீங்க. நீங்க மட்டும்தான்."

அது பன்னிரண்டு மணி நேரக் காட்டுப்பாதை ஓட்டம். ஐந்து கிலோமீட்டர் சுற்று ஒன்றை, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை திரும்பத் திரும்ப ஓட வேண்டும். யார் அதிகச் சுற்று முடிக்கிறாரோ அவருக்கு முதலிடம். ஆறு மணிக்கு மணி அடிக்கும்போது பாதி வழியில் நின்றால் அந்தப் பாதி சேர்த்தியில்லை. ஒன்பது சுற்று முடித்தால் மாரத்தான் தூரத்தைத் தாண்டிவிடலாம். தையல்காரிக்குப் பன்னிரண்டு சுற்று ஓடிவிட வேண்டும் என்று ஆசை. அறுபது கிலோமீட்டர். எட்டு மாதமாக அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. துணி திருத்தும் கடையில் பதினேழு வருடமாக வேலை. ஆயத்த ஆடைகளின் இடுப்பைப் பிடிப்பது, கால் நீளத்தை மடித்து அடிப்பது, அறுந்த ஜிப்பைப் பிரித்துப் புதிது வைப்பது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவள் ஓடத் தொடங்கியது ஒரு தற்செயல். ஒருநாள் காலையில் பஸ் கண் முன்னால் கிளம்பியது. துரத்திக்கொண்டு ஓடினாள். பஸ் போய்விட்டது. ஆனால் கால் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தம், அதற்கடுத்த நிறுத்தம் என்று சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடை வாசல் வரைக்கும் ஓடியே போய்ச் சேர்ந்தாள். கடை முதலாளியம்மா, "என்னடி, நாய் துரத்துச்சா?" என்று கேட்டாள். அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் இந்தக் கொட்டகை.

கணவனும் உடன் வருவதாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தர, முதுகு தட்டிக் கொடுக்க. அவன் லிஃப்ட் மெக்கானிக். கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. "ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சாம். நான் போகாம அது இறங்காது. நீ போயிட்டு வா" என்றான். அவள் வழக்கம்போலப் பரவாயில்லை என்றாள். அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த வார்த்தையைச் சொல்கிறாள் என்று மகள் ஒருமுறை எண்ணிப் பார்த்து, இருபதோடு எண்ணுவதை விட்டுவிட்டாள். தனக்காக யாராவது காத்திருந்தால் தையல்காரிக்கு உடம்பெல்லாம் கூசும். சாப்பாட்டில் கடைசி, குளியலில் கடைசி, புகைப்படத்தில் ஓரம்.

இப்போதும் அதே வார்த்தைதான் வந்தது. "பரவாயில்ல மாஸ்டர். ஒருத்திக்காக எதுக்கு? ரத்து பண்ணிடுங்க."

மேசையில் இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொண்டு நின்றிருந்தவர் தொண்டையைச் செருமினார். ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரம் குறிப்பது அவர் பொறுப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார்.

"விதி நாலு. ஒருவர் வந்தாலும் போட்டி நடைபெறும்."

"சார், அது சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது" என்றார் மாஸ்டர்.

"பேச்சுக்குப் போட்டதுன்னு கீழ எங்கயும் போடலையே."

மூன்றாவது ஆளான நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். மாஸ்டரும் சிரித்தார். பிறகு தையல்காரியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மேடம். ஓடுறீங்களா?" என்றார்.

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "ஓடுறேன்" என்று வந்தது.

ஆறு மணிக்கு மாஸ்டர் ஒலிபெருக்கியை எடுத்து, "ஓட்டக்காரர்கள் அனைவரும் கோட்டுக்கு வரவும்" என்று மலைக்கே அறிவித்தார். அனைவரும் என்றால் அவள். கோட்டுக்கு வந்தாள். மணி அடித்தது.

முதல் நான்கு சுற்றும் சொகுசாகப் போயின. மரங்களுக்கு நடுவே ஏற்றம், பிறகு ஒரு வழுக்குப் பாறை, ஓடையைத் தாண்டப் பலகைப் பாலம், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது பக்கம் சிவப்பு ரிப்பன், அங்கிருந்து இறக்கம், கொட்டகை. ஒவ்வொரு சுற்றுக்கும் நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அவள் முந்த ஆளில்லை, அவளை முந்தவும் ஆளில்லை. தன் மூச்சையும் தரையில் தட்டும் ஷூ சத்தத்தையும் கேட்டுக்கொண்டு ஓடினாள்.

எட்டே முக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டித் தீர்த்தது. பாதை களிமண்ணாகிக் காலை வாரிவிட்டது. ஐந்தாவது சுற்றில் பாதை பிரியும் இடத்தில் ரிப்பனைக் காணவில்லை. காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இடது பக்கம் போனவள், புதர் மண்டிய ஒரு பள்ளத்தில் போய் முட்டி நின்ற பிறகுதான் தவறு புரிந்து திரும்பினாள். இருபது நிமிடம் வீண். கொட்டகைக்கு வந்து, "கொஞ்சம் வழி தப்பிடுச்சு, பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆறாவது சுற்றில் அதே இடத்தில் மாஸ்டர் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரிப்பன் கட்டினா காத்து பிச்சுக்கிட்டுப் போகுது மேடம். என்னைப் பிச்சுக்கிட்டுப் போகாதுல்ல?" என்று தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். கையை வலது பக்கம் நீட்டினார். முழங்கால் வரை சேறு.

"நீங்க எதுக்கு மாஸ்டர்..." என்று தொடங்கினாள்.

"பேசாம ஓடுங்க, மூச்சு வாங்கும்."

கொட்டகையில் நர்ஸ் வேறொரு வேலையில் இறங்கியிருந்தாள். தன் பழைய காரின் இன்ஜினை ஓடவிட்டு, வெப்பக் காற்று வரும் துவாரத்தின் மேல் தையல்காரியின் பையிலிருந்த மாற்றுக் காலுறைகளைக் காயப் போட்டிருந்தாள். தையல்காரி உட்கார்ந்ததும் அவள் ஷூவின் நாடாவை அவிழ்த்தாள். தையல்காரி காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ சிஸ்டர், நானே போட்டுக்கறேன்."

"இப்பக் குனிஞ்சீங்கன்னா நிமிர மாட்டீங்க அக்கா. நீட்டுங்க காலை."

சேறும் இலைத் துணுக்கும் ஒட்டிய பாதத்தை ஒரு துண்டால் விரல் விரலாகத் துடைத்து, சூடான காலுறையை மாட்டிவிட்டாள். அந்தக் கதகதப்பு முழங்கால் வரை ஏறியது. தையல்காரிக்குச் சுகமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சங்கடமாக இருந்தது.

அடுத்தடுத்த சுற்றுகளில் உடம்பு வலியைவிட அந்தச் சங்கடம்தான் அவளை அதிகம் அரித்தது. குடையைப் பிடித்தபடி நிற்கும் மாஸ்டரைத் தூரத்தில் பார்க்கும்போதெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேருக்கும் வீடு இருக்கிறது. நான் நின்றால் அவர்கள் போகலாம். நான் நிற்காததால்தான் நனைகிறார்கள். ஒன்பதாவது சுற்றின் இறக்கத்தில் முடிவு செய்துவிட்டாள். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்தாயிற்று. போதும்.

ஒன்று ஐம்பதுக்குக் கொட்டகைக்குள் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு. இதோட நிறுத்திக்கறேன்."

நர்ஸ் முன்னால் மண்டியிட்டாள். "எந்த முட்டி?"

"இடது."

நர்ஸ் இடது முழங்காலை மடக்கினாள், அமுக்கினாள், பக்கவாட்டில் அசைத்தாள். பேச்சுக் கொடுத்தபடி எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்து, "வலி குறைஞ்சுதா?" என்று கேட்டாள். தையல்காரி வலது முழங்காலைத் தடவிக்கொண்டே, "இல்ல, அப்படியேதான் இருக்கு" என்றாள்.

"வலி வேற வண்டி மாறிடுச்சு போல" என்றார் நேரம் குறிப்பவர், தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "மாஸ்டர் நாலு மணி நேரமா மழையில நிக்கறாரு. நீங்க என் சேத்துக் காலைக் கழுவிட்டிருக்கீங்க. எனக்காக மூணு பேரு இப்படிக் கஷ்டப்படறதை என்னால பாக்க முடியல சிஸ்டர். நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்க."

நேரம் குறிக்கும் பெரியவர் பேனாவை மூடி வைத்தார்.

"முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷன்ல உக்காந்து வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதினேன். ஒருத்தர்கூட இறங்கி வந்து, 'எங்களால உங்களுக்குக் கஷ்டமா இருக்கா'ன்னு கேக்கல. கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அது பிடிச்ச வேலை. இப்ப வீட்டுக்குப் போனா டிவி முன்னாடி உக்காந்து, சத்தத்தைக் குறைங்கன்னு மருமககிட்டத் திட்டு வாங்கணும். அதுக்காகவா என்னை அனுப்பறீங்க?"

நர்ஸ் சிரிக்கவில்லை. அவள் காலில் காலுறையை மாட்டிவிட்டபடியே சொன்னாள்.

"அக்கா, நான் அவசரப் பிரிவுல இருக்கேன். அங்க யாரும் பிரியப்பட்டு வர்றதில்ல. வந்தவங்களை வார்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் என்ன ஆனாங்கன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு ஆளைக் காலையிலேருந்து பாத்துட்டிருக்கேன். நல்லா இருக்கற ஆளு. கடைசி வரைக்கும் பாக்கணும்னு இருக்கு. கெடுத்துடாதீங்க."

தையல்காரி நாடாவை இறுக்கிக் கட்டச் சொன்னாள். இரண்டு மணிக்குப் பத்தாவது சுற்றுக்குக் கிளம்பினாள்.

அதற்கப்புறம் ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஏற்றத்தில் கையால் தொடையை அழுத்தி நடந்தாள், இறக்கத்தில் தத்தித் தத்தி ஓடினாள். பதினொன்று முடிந்தபோது மணி நாலு இருபத்தேழு. "ஒன்றரை மணி நேரம் இருக்கு. போன சுத்துக்கு எழுபத்தேழு நிமிஷம் ஆச்சு" என்றார் பெரியவர். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நர்ஸ் தையல்காரியின் வாயில் ஒரு துண்டு வாழைப்பழத்தைத் திணித்தாள். தையல்காரி கிளம்பினாள்.

வழுக்குப் பாறையில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் போய்விட்டன. பக்கவாட்டில் விழுந்து நாலைந்தடி சறுக்கினாள். உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் காடு முழுக்கக் கேட்டது. சுற்றுமுற்றும் ஒரு ஜீவன் இல்லை.

இந்த நிமிடம், பாதை பிரியும் இடத்தில் ஒருவர் நிற்கிறார். மேசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தி காலுறையைச் சூடாக்கி வைத்திருக்கிறாள். மூன்று பேருக்கும் இப்போது வேறு எந்த வேலையும் இல்லை, அவள் வரவை எதிர்பார்ப்பதைத் தவிர. வாழ்க்கையில் இதுவரை யாரும் அவளுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. காத்திருக்க அவள் விட்டதும் இல்லை. முதல் தடவையாக அது கூசவில்லை. நெஞ்சு நிறைந்து, தொண்டை வரை இனித்தது. நாளெல்லாம் மிஷினை மிதித்தே பழகிய தன் கால்களைப் பார்த்தாள். சேற்றில் அடையாளமே தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம்தான், வாங்க" என்று சத்தமாகவே அவற்றிடம் சொன்னாள். பாறையைப் பிடித்து எழுந்தாள்.

மாஸ்டர் அவள் கையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார்.

"மாஸ்டர், மணி என்ன?"

"அஞ்சு இருபத்தாறு. இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர்." குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார். "நான் குறுக்கால இறங்கிடறேன். மணி அடிக்க வேண்டியவன் நான். எனக்கு முன்னாடி வந்து மானத்தை வாங்கிடாதீங்க."

"நீங்க இங்க நின்னுட்டிருந்தது நல்லாருந்துச்சு மாஸ்டர்" என்றாள் அவள். தான் சொன்னது அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்து ஐம்பத்து நான்குக்குக் கோட்டைத் தாண்டினாள். பெரியவர் இரண்டு கடிகாரங்களையும் பார்த்து நேரத்தை எழுதினார். பன்னிரண்டு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி அடியில் கோடு போட்டார். நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டாள், சேறும் ரத்தமும் தன் வெள்ளைச் சட்டையில் ஒட்டுவதைப் பற்றிக் கவலையே இல்லாமல். சரியாக ஆறு மணிக்கு மாஸ்டர் மணியை அடித்தார். போட்டி முடிந்தது.

பரிசளிப்பையும் முறைப்படி நடத்தித்தான் தீருவேன் என்றார் மாஸ்டர். ஒலிபெருக்கியில் மூன்றாம் இடத்தை அறிவித்து, யாரும் வராததால் சற்றுக் காத்திருந்தார். இரண்டாம் இடத்துக்கும் அப்படியே. முதலிடம் என்றதும் தையல்காரி இரண்டு நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். கோப்பையைக் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுக்கப் போனவர்களை அவள் விடவில்லை. கேமராவை மேசையில் ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுத்து வைக்கச் சொல்லி, மூன்று பேரையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

ஐந்து மணிக்கே ரோட்டில் ஒரு பக்கத்து மண்ணை அள்ளிவிட்டார்களாம். நர்ஸின் காரில் நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். மழையில் நின்றுபோன போன் சிக்னல் ஒரு வளைவில் திரும்பக் கிடைத்ததும் கணவனைக் கூப்பிட்டாள்.

"பன்னெண்டு சுத்து. அறுபது."

அவன், "நான் வந்து எங்க நிக்கட்டும்? பஸ் ஸ்டாண்டுலயா?" என்று கேட்டான்.

"ஆமா, வந்து நில்லுங்க" என்றாள்.

இறங்குவதற்குள் இந்த மூன்று பேருக்கும் ஒழுங்காக ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். குடையிலிருந்தா, விதி நாலிலிருந்தா? பக்கத்தில் மாஸ்டரும் முன் இருக்கையில் பெரியவரும் அடுத்த வருடம் ரிப்பனுக்குப் பதில் பெயின்ட் அடிப்பதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் தையல்காரி. பெரியவர் பேச்சை நிறுத்தித் திரும்பினார். நர்ஸ் கண்ணாடியில் பார்த்தாள். தையல்காரி ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிப் போயிருந்தாள். நர்ஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பெயின்ட் பேச்சைத் தொடர்ந்தார்.