பன்னிரண்டு லாரி உறைமோர்

பிரெண்டன் ஃபால்ஸ் கழிவுநீர் நிலையத்தின் தலைமை ஆபரேட்டர் ஆரின் டெஷ்ஷுக்கு ஐம்பத்தேழாவது வயதில் பேர் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வர வேண்டிய வயதில் வந்து தொலைத்திருந்தால் ஊருக்குச் சேதம் குறைந்திருக்கும் என்று பிற்பாடு அவனே சொல்லிக்கொண்டான்.

அவன் பொறுப்பில் இருந்தது ஒரு டைஜஸ்டர். ஊரார் கழிப்பறையிலும் சமையலறையிலும் ஊற்றிவிடுவதெல்லாம் நிலையத்துக்கு வரும். தண்ணீர் தெளிந்து ஆற்றுக்குப் போய்விடும். அடியில் தங்குகிற கசடு, மூடி போட்ட இந்தப் பெரிய கான்கிரீட் தொட்டிக்கு வரும். உள்ளே காற்று கிடையாது, வெளிச்சம் கிடையாது, நம் உடம்புச் சூடு மட்டும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் உட்கார்ந்து அந்தக் கசடைத் தின்று எரிவாயுவாக விடும். அந்த வாயுவை பாய்லரில் எரித்துத்தான் தொட்டிக்கே சூடு காட்ட வேண்டும். சாண எரிவாயுக் கலனுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். ஆபரேட்டர் செய்ய வேண்டியது, அளவாகச் சாப்பாடு போட்டு, சூடு பார்த்து, வயிறு சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதிப்பது. கைக்குழந்தையை வளர்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆரினுக்குக் குழந்தை கிடையாது. பிற்பாடு நடந்த விசாரணையில் அதையும் ஒரு சாக்காகச் சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை.

வினை ஐஸ்க்ரீம் உருவத்தில் வந்தது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஐஸ்க்ரீம் தொழிற்சாலையில் தேதி தாண்டிய கலவையைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு லாரி எடுத்துக்கொள்வதாக ஆரின் ஒப்புக்கொண்டான். சர்க்கரையும் கொழுப்பும் கிருமிகளுக்கு விருந்து. முதல் வாரமே வாயு கால் பங்கு கூடியது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆரின் வாரம் இரண்டு லாரி என்றான். பிறகு நான்கு. பிப்ரவரியில் தினம் ஒன்று வந்தது, வெனிலா ஒரு நாள், ஸ்ட்ராபெரி ஒரு நாள், பட்டர் பீக்கன் ஒரு நாள். காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாயு மீட்டர் முன்னால் போய் நிற்பான். எண் ஏற ஏற அவனும் அரை அங்குலம் உயர்ந்தது போல இருக்கும்.

அந்த மாதமே வட்டார ஆபரேட்டர்கள் கூட்டத்தில் 'வாயுவை இரட்டிப்பாக்கியது எப்படி' என்று நாற்பது நிமிஷம் பேசினான். கொடுத்தது இருபது நிமிஷம். முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மார்லிஸ் வெண்டார்ஃப். ஹேகர்ட்டன் என்ற சின்ன ஊரின் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள். அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் ஆரினோடு ஒரே நிலையத்தில் வேலை பார்த்தவள்.

"தொட்டியில அமிலம் எவ்வளவு காட்டுது, ஆரின்?" என்று கேட்டாள்.

அமிலச் சோதனை செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மீட்டர் இவ்வளவு அழகாக ஏறும்போது சோதனைக் குழாயை யார் கழுவிக்கொண்டிருப்பது? "என் வயித்துல எவ்வளவோ அவ்வளவுதான். நேத்து பீரும் பொரிச்ச சீஸும் உள்ள போச்சு, பாரு, நான் இன்னும் நிக்கிறேன்" என்றான். கூடம் சிரித்தது. மார்லிஸ் உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான் என்பதை ஆரின் கவனித்தான். கவனிக்காதது போல அடுத்த கேள்விக்குத் தாவினான்.

மார்லிஸைக் கண்டால் அவனுக்கு ஆறு வருஷமாக ஒரு சங்கடம். தலைமை ஆபரேட்டர் இடம் காலியானபோது, அந்தத் தொட்டியின் மூச்சுகூட அறிந்தவள் அவள்தான். வாயுள்ளவன் ஆரின். வேலை வாய்க்குக் கிடைத்தது. இரண்டே மாதத்தில் மார்லிஸ் ஹேகர்ட்டனுக்குப் போய்விட்டாள். அவள் பிழைப்பைத் தட்டிப் பறித்துவிட்டோம் என்று ஆரினுக்கு உறுத்தல். உறுத்தலைத் தீர்க்க அவன் கண்ட வழி, கூட்டங்களில் அவள் நிற்கும் பக்கம் போகாமல் காபி மேஜையை மறுபக்கமாகச் சுற்றுவது. ஹேகர்ட்டனின் பழைய டைஜஸ்டரை நாலு பேர் நடுவில் 'சூப்புச் சட்டி' என்று கிண்டல் செய்வதும் உண்டு. அது உறுத்தலில் சேர்த்தியில்லை, பழக்கதோஷம்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை மீட்டர் இதுவரை காணாத எண்ணைக் காட்டியது. ஆரின் ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தான். வியாழக்கிழமை பாய்லர் அணைந்தது. பற்றவைத்தான். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக நடுங்கிவிட்டு மறுபடி அணைந்தது. மீட்டர் என்னவோ உச்சத்தில்தான் இருந்தது. அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. வாயு வருகிறது, எரிகிற வாயு வரவில்லை. சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிற கிருமிகள் கும்மாளம் போட, அமிலத்தைத் தின்று எரிவாயு விடுகிற கிருமிகள் செத்துக்கொண்டிருந்தன. மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டியவன் டோனட் வாங்கப் போயிருந்தான்.

சோதனைக் குழாயைத் தேடி எடுத்துக் கழுவிப் பார்த்தான். தொட்டி புளித்துப்போயிருந்தது. சாதாரணப் புளிப்பில்லை, தோசைமாவை ஒரு வாரம் வெயிலில் வைத்த புளிப்பு. வாடையைப் பற்றிச் சொல்வதற்கில்லை. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் வாசலுக்குப் போய் நின்றான். வெள்ளிக்கிழமை காலை மூடியின் விளிம்பு வழியே நுரை பொங்கி வழிந்தது. வெளியே குளிர் இன்னும் விடவில்லை, வழிந்த நுரை சுவரிலேயே சுருள் சுருளாக உறைந்தது. வெனிலா நிறம். சாலையில் போனவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். மதியத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் படம் சுற்றியது. படத்துக்குக் கீழே ஒருவர், ஒரு கோன் ஐஸ் எவ்வளவு என்று எழுதிக் கேட்டிருந்தார்.

நகரப் பொறியாளர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். வயிற்றுக் கோளாறு என்றான் ஆரின். அவர் சிரிக்கவில்லை.

ஐஸ்க்ரீம் நின்றது. மூட்டை மூட்டையாகச் சோடா உப்பு கொட்டினான். தானும் இரண்டு நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டுக்கொண்டான். ஐந்து நாளில் அமிலம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் தொட்டியில் உயிர் வரவில்லை. செத்த கிருமிகளைச் சோடா உப்பு எழுப்பித் தராது. பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும், வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்ட வேண்டும். டைஜஸ்டருக்கும் அதே வழிதான். நன்றாக இருக்கிற தொட்டியிலிருந்து கசடு கொண்டுவந்து இதில் சேர்க்க வேண்டும். ஐம்பது மைலுக்குள் அவனுடையதைப் போலவே நடக்கிற டைஜஸ்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சூப்புச் சட்டி.

போனை எடுத்து வைத்து எடுத்து வைத்து, ஒரு மணி நேரம் போக்கினான். எப்படி ஆரம்பிப்பது என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தான். கடைசியில் எழுதியது எதுவும் வாயில் வரவில்லை.

"மார்லிஸ், தாயே, கொஞ்சம் கசடு குடு" என்றான்.

"படம் பாத்தேன்" என்றாள். பிறகு எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். பன்னிரண்டு லாரி என்றான். மொத்தமாக எடுத்தால் தன் தொட்டி படுத்துவிடும், ஒரு நாளைக்கு ஒரு லாரிதான், வரும்போது உன் அமிலக் கணக்கை எழுதிக் கொண்டு வா, எழுதாமல் வந்தால் குழாயைத் திறக்க மாட்டேன் என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று ஆரினுக்குத் தோன்றியது.

லாரி ஓட்டுகிறவன் விடுப்பில் இருந்ததால் ஆரினே ஓட்டிப் போனான். ஹேகர்ட்டன் நிலையம் ஒரு சோளக்காட்டின் ஓரத்தில், இரண்டு அறையோடு இருந்தது. தொட்டிக்கு அறுபது வயது. மூடியில் துரு. பாய்லரின் சிறு கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான். நீலச் சுடர் அசையாமல் நின்று எரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தொப்பியைக் கழற்றியிருந்தது பிறகுதான் தெரிந்து திரும்பப் போட்டுக்கொண்டான்.

லாரி நிறைய நாற்பது நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரமும் மார்லிஸின் ஆய்வறையில் காபியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள்களில் பம்பு, குழாய், பனி உருகுவது என்று பேச்சு ஓடியது. அவள் சோதனைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினான். ஆறு வருஷத்தில் ஒரு வாரம்கூட விடுபடவில்லை. கிறிஸ்துமஸ் வாரத்திலும் எழுதியிருந்தாள். அவனுடைய புத்தகத்தில் அந்த வாரம் எண்ணுக்குப் பதில் ஒரு கிறிஸ்துமஸ் மான் படம் வரைந்திருக்கும்.

எட்டாவது நாள் அவனால் தாங்க முடியவில்லை. காபியைக் கீழே வைத்தான்.

"அந்தத் தலைமை வேலை உனக்கு வந்திருக்கணும், மார்லிஸ். ஆறு வருஷமா மனசுல கிடந்து அறுக்குது. அதனாலதான நீ போன."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எதனால?"

"அதனாலதான்."

"ஹார்லனுக்குப் பக்கவாதம் வந்துச்சுப்பா. வலது பக்கம் மொத்தமா விழுந்துருச்சு. உன் ஊருக்கும் என் வீட்டுக்கும் முப்பத்தஞ்சு மைல். இங்கன்னா ரெண்டு மைல். மத்தியானம் ஓடிப்போயி அவருக்கு ஊட்டிவிட்டுட்டு வந்துரலாம். அதுக்குத்தான் வந்தேன்."

ஹார்லன் அவள் கணவர். ஆரின் அவரை ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் பார்த்திருக்கிறான், கைகுலுக்கியிருக்கிறான்.

"எனக்கு யாருமே சொல்லலையே" என்றான்.

"சொன்னேன். உன்கிட்டயே சொன்னேன், பம்பு அறையில. நீ என்னமோ கதை சொல்லிக்கிட்டிருந்த. ஆமா ஆமான்னுட்டு கதையத் தொடர்ந்த."

ஆரினுக்கு எந்தக் கதை என்று கேட்கத் தோன்றியது. நல்லவேளை, கேட்கவில்லை.

"அந்த வேலைக்கு நான் மனுவே போடல, ஆரின்" என்றாள் அவள், கொஞ்சம் இரக்கத்தோடு. "ஆறு வருஷமா நான் உன்னை நெனச்சு அழுதுக்கிட்டிருந்தேன்னா நெனச்ச?"

அப்படித்தான் நினைத்திருந்தான். ஒழுங்காக, சோறு போட்டு அந்தக் குற்ற உணர்ச்சியை வளர்த்திருந்தான். நள்ளிரவில் விழிப்பு வந்தால் அதை எடுத்துத் தடவிப் பார்த்து, நாம் மனசாட்சி உள்ளவன் என்று திருப்தியோடு புரண்டு படுத்திருக்கிறான். அவள் வாழ்க்கையின் பெரிய துன்பத்துக்குக் காரணமாக இருக்கும் தகுதிகூடத் தனக்கு இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருந்திருக்கிறது, பம்பு அறையில். அதற்காக அவன் ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். மார்லிஸ் சொல்லச் சொல்லக் கேட்டான். முதல் வருஷம் படுக்கையிலேயே கிடந்தது, இரண்டாம் வருஷம் வாக்கரைப் பிடித்து நடந்தது, பேச்சு திரும்பி வந்தாலும் ஒவ்வொரு வார்த்தையையும் தோண்டி எடுக்க வேண்டியிருப்பது, மனுஷன் கோபத்தில் ஸ்பூனை விட்டெறிவது, பிறகு தானே சிரிப்பது. லாரி நிறைந்து பத்து நிமிஷம் ஆனது இருவருக்கும் தெரியவில்லை. வெளியே வந்தபோது அதிகப்படியாக வந்த கசடு சரளைக்கல் மீது ஓடிக்கொண்டிருந்தது. லாரியைக் கொண்டுவந்தவன் என்ற முறையில் ஆரின்தான் அலம்பிவிட்டான். பூட்ஸோடு சேர்த்து.

பன்னிரண்டு லாரியும் போய்ச் சேர்ந்து, மேலும் மூன்று வாரம் தொட்டிக்குப் பத்தியச் சாப்பாடு. ஏப்ரல் நடுவில் ஒரு புதன்கிழமை பாய்லர் பற்றியது. ஒரு மணி நேரம் அணையாமல் எரிந்தது. பொறியாளருக்குச் சொல்லும் முன்னால் ஆரின் ஹேகர்ட்டனுக்குப் போன் செய்தான். மார்லிஸ் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். நல்லது, கொஞ்சமாகப் போடு, மீட்டர் பக்கமே போகாதே என்றாள். பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாங்கள் இருவரும் மீன் சாப்பிடப் போவது வழக்கம், வருவதானால் வரலாம், ஹார்லன் அந்த நுரைக்காரனைப் பார்க்க வேண்டுமென்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

ஆரின் சட்டையை மாற்றிக்கொண்டு போனான். கூட்டம் நிறைந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில், சுவரோர மேஜையில் ஹார்லன் இடது கையில் முள்கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், கண்ணில் குறும்பு இருந்தது. பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அப்பமும் வந்தன. ஹார்லன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் வார்த்தை வர நேரமாயிற்று. இப்படிப்பட்ட இடைவெளியைக் கண்டால் ஆரின் அதில் ஒரு கதையை நுழைத்துவிடுவான், அது அவன் பிறவிக் குணம். இந்த முறை ஒரு பெரிய மீன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு காத்திருந்தான்.

"நீ... ரொம்ப... பேசுவேன்னு..." ஹார்லன் மூச்சு வாங்கினார். "சொன்னா."

மார்லிஸ் நாப்கினால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ஆரினுக்குப் பதில் இருந்தது, நல்ல பதிலும்கூட. மென்று விழுங்குவதற்குள் அதன் பாதி மறந்துபோயிற்று, மீதிப் பாதி அவ்வளவு நன்றாகவும் தோன்றவில்லை. பரிமாறுகிற பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டு இன்னொரு தட்டு மீன் கேட்டான்.