எங்கள் கோல்கீப்பரின் அம்மா

கல்லூரிகளுக்கான மண்டலக் கால்பந்துப் போட்டி அடுத்த மாதம். இந்த நேரம் பார்த்து எங்கள் கோல்கீப்பர் ஜஸ்டினை அவனுடைய அம்மா ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் மாரிசெல்வம், அணிக்குக் கேப்டன், கடைசி வருடம். போன வருடம் அரையிறுதியில் தோற்று மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பயலும் பேசவில்லை. அடுத்த தடவை கோப்பையோடுதான் சின்னமனூரில் இறங்குவோம் என்று வாயை விட்டவன் நான்தான். ஜஸ்டினை நம்பித்தான் விட்டேன்.

ஆனி பிறந்தால் எங்கள் பக்கம் காற்று ஆளை நிற்க விடாது. மைதானத்தின் கிழக்குக் கோலில் நிற்கிறவனுக்குப் பெரும்பாடு. நாம் உதைப்பது பாதி, காற்று உதைப்பது பாதி. அன்றைக்குப் பயிற்சியில் ஒரு பந்து ஜஸ்டினின் மூக்கில் மோதி ரத்தம் கொட்டியது. அப்போதா அவனுடைய அம்மா செலின் டீச்சர் வர வேண்டும்? பள்ளிக்கூடம் விட்டு, மகனை அழைத்துப்போக வந்தவர், கைப்பையைக் கீழே போட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடி வந்தார். பி.டி. சார் வைகுண்டராஜ் விசில் ஊதினார். விசிலுக்கு நிற்கிற ஆளா டீச்சர்?

"வா வீட்டுக்கு. நீ வெளையாண்டது போதும்!"

ஆறடி ஆள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முழங்கால் இரண்டும் வெளியே நீட்டியிருக்க, பின் சீட்டில் உட்கார்ந்து போனான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாளும் அவன் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை என்றதும் சிரிப்பு நின்றுபோனது. கடமலைக்குண்டு வீரணனைக் கோலில் நிறுத்திப் பார்த்தோம். தடுப்பாட்டத்தில் அவனைத் தாண்ட ஆளில்லை. ஆனால் பந்து நேராக வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான்.

"கண்ணத் தொறந்து வச்சுத்தான் நில்லேன்டா!" என்று கத்தினேன்.

"தொறந்தா பந்து வர்றது தெரியிதுடா" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனையே தூக்கி உதைத்திருப்பேன்.

டீச்சரிடம் பேசுங்கள் என்று பி.டி. சாரிடம் கெஞ்சினேன். "அவுக வகுப்புலதான்டா என் மகன் படிக்கிறான். அவுக ஒண்ணு சொன்னாகன்னா சொன்னதுதான். நீயே போயிட்டு வா" என்று கழன்றுகொண்டார்.

போனேன். டீச்சர் எனக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதித் தைரியமும் கழன்றுவிட்டது. உள் கதவோரம் வீங்கிய மூக்கோடு நின்ற ஜஸ்டின், அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். பாவம், அவனுக்கும் ஆட்டம் என்றால் உயிர்.

"அவன் இல்லாம மேட்ச்சுக்குப் போக முடியாது டீச்சர்."

"நீங்கல்லாம் காலால வெளையாடுறீக. இவன் மட்டும் ஏன்டா மூஞ்சியக் கொண்டுபோயி நீட்டணும்? எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள, மாரி."

"அங்கன வந்து நின்னு பாத்தாத்தான் டீச்சர் தெரியும்" என்று உளறிவிட்டேன்.

"அப்ப நிக்கிறேன்" என்றார்.

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மகனோடு வந்து இறங்கினார். முந்தானையை இடுப்பில் செருகினார், செருப்பைக் கோல் கம்பத்தடியில் விட்டார், கிழக்குக் கோலுக்கு நடுவில் போய் நின்றார். பி.டி. சார் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார். "அம்மா, வேணாம்மா" என்று ஜஸ்டின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"ஏலே மாரி, ஒதைடா!"

பாடம் சொல்லிக் கொடுத்தவரைப் பார்த்து எப்படி உதைப்பது? காலால் லேசாகத் தட்டினேன். பந்து உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

"இந்தப் பந்துலயா எம்புள்ள மூக்கு வீங்குச்சு? எட்டாப்புலயே நீ இப்படித்தான், எதுலயும் அரைகுறை. ஒழுங்கா ஒதை!"

எட்டாம் வகுப்பை இழுத்ததும் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் அழுத்தி உதைத்துவிட்டேன். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. பந்து எழும்பி நேராக டீச்சரின் முகத்துக்குப் போனது. அவர் கண்ணை மூடவில்லை, நகரவும் இல்லை.

ஜஸ்டின் கம்பத்தோரத்திலிருந்து பாய்ந்தான். அம்மாவின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் பந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மண்ணில் விழுந்து உருண்டான். முதல் வருடத்திலிருந்து அவனோடு ஆடுகிறேன். அப்படி ஒரு பிடியை நான் பார்த்ததில்லை.

"கூறு இருக்காம்மா ஒனக்கு?" என்று கிடந்தபடியே கத்தினான். "மூஞ்சியில பட்டிருந்தா என்னாகிறது?" அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

டீச்சர் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பயந்துட்டியாடா?"

"பின்ன, பயப்பட மாட்டேனா?"

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான்டா இருந்துச்சு."

கேப்டன் அழுதால் நன்றாகவா இருக்கும்? காற்றில் தூசி விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

டீச்சர் பந்தை வாங்கப் பார்த்தார். நெஞ்சோடு அணைத்திருந்த மகனின் கை விடவில்லை. அவரும் இழுத்துப் பார்த்தார். "விழுந்தும் விட மாட்டேங்கிறான் பாரு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் அந்தக் குரலில் இருந்த பெருமை மைதானத்துக்கே கேட்டது. முந்தானையை உருவி அவன் நெற்றியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு எழுந்து, கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றுகொண்டார்.

"எந்திரிடா" என்றார் அங்கிருந்து. "மாரி நிக்கிறான்ல, அடுத்த பந்துக்கு."

ஜஸ்டின் எழுந்து பந்தை என்னிடம் உருட்டிவிட்டான்.