பூந்தியிடம் சொல்லு

மகள் வெண்பாவுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் வராது என்று பதினைந்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள் சாந்தி. பூந்தி வந்த பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது.

பூந்தி, டெக்சாஸில் ஏதோ காப்பகத்திலிருந்து வேனில் ஏற்றி நியூஜெர்சிக்கு அனுப்பப்பட்ட நாய். வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளிகள். அதைப் பார்த்துத்தான் வெண்பா அந்தப் பெயரை வைத்தாள். வந்த அன்று அது சோபாவுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டு நடுங்கியது. வெண்பா தரையில் குப்புறப் படுத்து, "வா தங்கம். ஒண்ணும் இல்ல. யாரும் உன்ன அடிக்க மாட்டாங்க, வா" என்றாள்.

சமையலறையில் தோசை திருப்பிக்கொண்டிருந்த சாந்திக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது தான் கொஞ்சிய கொஞ்சல் அது, சொல் மாறாமல் அப்படியே. தனக்குத் திரும்பி வரவேண்டியது சோபாவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

அன்று பிடித்த எரிச்சல் பிறகு விடவேயில்லை. பூந்திக்குப் பின்னங்காலில் வலி என்பதை அது படுக்கும் விதத்தை வைத்தே வெண்பா கண்டுபிடித்தாள். சாந்தி இரண்டு மாதமாக வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். அது யார் கண்ணிலும் படவில்லை. சாந்தி எது கேட்டாலும் வெண்பாவிடமிருந்து ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அதே வாய் நாயிடம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் தமிழில் சொன்னது. கடைசியில் சாந்தியும் நாயைப் பிடித்துக்கொண்டாள். மகளைக் காதில் வாங்க வைக்க வேறு வழி தெரியவில்லை. "பூந்தி, உங்கக்கா தட்டக் கழுவி வெக்க மாட்டாளாமா? கேட்டுச் சொல்லு கண்ணு" என்பாள். வெண்பா எழுந்து தட்டைக் கழுவி வைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் அவர்கள் இருவர்தான். கணவன் நஞ்சுண்டன் ஆபீஸ் வேலையாக தூரத்தில் மில்பிடாஸ் என்ற ஊருக்குப் போயிருந்தான். திங்கட்கிழமை வெண்பாவுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. மனிதனுக்கும் மிருகத்துக்கும் உரிமை என்பது எதை வைத்து வருகிறது என்பது தலைப்பு. காலையிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூந்திக்கு முன்னால் பேசிப் பேசிப் பார்த்தாள். பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் சாந்திக்கு எல்லாம் புரிந்தது. பேசத் தெரியவேண்டும், யோசிக்கத் தெரியவேண்டும் என்பதெல்லாம் அப்புறம். வலிக்கும் என்றால் போதும், அந்த உயிருக்கு நம்மேல் உரிமை உண்டு என்றாள் வெண்பா.

கதவைத் தட்டி, உரிமை இருந்தால் கடமையும் இருக்கவேண்டாமா, இந்த நாய்க்கு என்ன கடமை இருக்கிறது என்று சாந்தி கேட்டாள். பிறந்த குழந்தைக்கு மட்டும் என்ன கடமை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. சாந்தி அடுப்படிக்குத் திரும்பினாள்.

பேசிப் பேசிக் களைத்திருப்பாள் என்று கேசரி கிண்டினாள். ரவையை நெய்யில் வறுத்து, முந்திரியும் திராட்சையும் தாராளமாகப் போட்டு, சுடச்சுடக் கிண்ணத்தில் கொண்டுபோனாள். வெண்பா முகர்ந்து பார்த்துவிட்டு நெய்யா என்று கேட்டாள். மூன்று மாதமாக அவள் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. மாட்டின் பால் அதன் கன்றுக்குத்தான் என்பாள். சாந்திக்கு அது மறந்தே போயிருந்தது. வெண்பா கோபப்படவில்லை. கிண்ணத்தைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பணிவுதான் அதிகம் சுட்டது. எங்கோ இருக்கிற கன்றுக்குட்டிக்காக இரங்குகிற பெண், அடுப்படியில் நின்று கிண்டினவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கிண்ணத்தோடு திரும்பியவளின் பின்னாலேயே பூந்தி வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

நாய்க்கு ஆகாதவை என்று வெண்பா எழுதிய தாள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. திராட்சை அதில் மூன்றாவது. சாந்திக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒன்றைக்கூடப் பொறுக்கி எடுக்காமல் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். வயிறு கொஞ்சம் கலங்கட்டும், கார்பெட்டை நாறடிக்கட்டும், இன்று ஒரு நாளாவது வெண்பாவின் படுக்கையில் ஏறாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். பூந்தி கிண்ணத்தைத் துடைத்து வைத்ததுபோல நக்கிவிட்டு அவள் பாதத்தையும் ஒருமுறை நக்கியது.

அரைமணி கழித்துத் தயிர் எடுக்கப் போனபோது அந்தத் தாளை மறுபடி படித்தாள். திராட்சைக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் கிட்னி போய்விடும் என்று அவள் இதுவரை கவனிக்காத குறிப்பு இருந்தது. கடைசி வரியில், தின்றுவிட்டால் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே கூப்பிடவும் என்று எழுதி, மிருக ஆஸ்பத்திரியின் நம்பர் போட்டிருந்தது.

பூந்தி வெயில் விழுந்த இடத்தில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்றும் ஆகாமலும் போகலாம். சொன்னால், கிடைத்துக்கொண்டிருக்கிற ஒற்றை வார்த்தைகளும் நின்றுபோகும். மகள் போய்விடுவாள், இதே வீட்டுக்குள் இருந்துகொண்டே போய்விடுவாள். சாந்தி தயிர் டப்பாவைப் பிடித்தபடி நின்றாள். பூந்தி தூக்கத்தில் பின்னங்காலை இழுத்து முனகியது. எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நாளைக்கு உள்ளே எரிந்தாலும் அது இப்படித்தான் முனகும். கேசரி கொடுத்தவளிடமே வந்து தலையை வைத்துக்கொண்டு முனகும்.

வெண்பாவின் அறைக் கதவைத் திறந்தாள். "வெண்பா, பூந்திக்குக் கேசரி குடுத்துட்டேன். திராட்ச இருந்துச்சு. அரமணி நேரம் ஆச்சு."

வெண்பா ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டே ஓடினாள். இருபத்திரண்டு கிலோ நாயைப் பின்சீட்டில் ஏற்றும்போது சாந்திக்குத் தோள் பிடுங்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். வெண்பா அவள் தோளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்க உள்ளே கொண்டுபோனார்கள். எத்தனை திராட்சை இருக்கும் என்று நர்ஸ் கேட்டாள். ஒரு கைப்பிடி என்றாள் சாந்தி. குறைத்துச் சொல்ல நாக்கு வரவில்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாவும் மகளும் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

வெண்பா ஆங்கிலத்தில் கேட்டாள், தெரிந்தே கொடுத்தாயா என்று.

"தெரிஞ்சேதான். வயிறுதான் வலிக்கும்னு நெனச்சேன்."

"உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவளிடமிருந்து சாந்திக்குக் கிடைத்த முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுதான். எத்தனையோ வருஷம் காத்திருந்தது இப்படியா வந்து சேரவேண்டும் என்றிருந்தது.

"பொறாம" என்றாள் சாந்தி. "நீ அதுகிட்டப் பேசற மாதிரி எங்கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல."

வெண்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வாந்தியில் திராட்சையெல்லாம் வந்துவிட்டது, இரண்டு நாள் கழித்து ரத்தம் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்று டாக்டர் வந்து சொன்னார். பூந்தி தள்ளாடிக்கொண்டு வந்து முதலில் வெண்பாவிடம் போனது.

திரும்பும்போது சாந்தி ஓட்டினாள். வெண்பா பின்சீட்டில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சாந்தியின் தோள் சுருக்கென்றது. கண்ணாடியில் அந்தத் தலையும் அந்த மடியும் தெரிந்தன. இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்குப் பொறாமை போகவில்லை. அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வழியில் ரயில் நிலையத்துக்குப் பிரியும் சிக்னலில் பின்னாலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் முன்சீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு.

"பூந்தி, அம்மா பண்ணது ரொம்பத் தப்பு. எனக்கு இன்னும் கோவம் போகல. நீ தப்பு பண்ணா உன்ன ஏன்னு யாராவது கேப்பாங்களா? கேக்க மாட்டாங்க. தெரிஞ்சு பண்ண அம்மாவத்தான் கேப்பேன்." கண்ணாடியில் வெண்பாவின் கை நாயின் காதை நீவியது. "ஆனா அவங்களாவே வந்து சொல்லிட்டாங்க. அது வேற. அப்புறம், தோள் எத்தன நாளா வலிக்குதுன்னு கேளு."

சிக்னல் பச்சையானது. பின்னால் நின்றவன் ஹாரன் அடிக்கும்வரை சாந்தி வண்டியை எடுக்கவில்லை.

"ரெண்டு மாசமாம் பூந்தி" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "உங்கக்காகிட்டச் சொல்லு."