தூசி எங்கண்ணே?

"வாசல்லயே நில்லுண்ணே. புள்ளயத் தொடாத."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று தொட்டில் கட்டும் விசேஷம். ராஜபாளையத்திலிருந்து தாய்மாமன் சோலைராஜ் சீர்த்தட்டோடு வந்திருந்தார். மாமன் கட்டினால்தான் வெள்ளி அரைஞாண். அந்த மாமனைத்தான் தங்கை பாண்டீஸ்வரி, ஒரு மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி மறித்தாள்.

சோலைராஜின் மனைவி மாரிச்செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏட்டி, சீர் கொண்டாந்த மனுசனை நிறுத்துத. அவுக என்ன தீட்டா?"

"தீட்டு இல்ல மதினி, இருமல்."

"நூல் மில்லுல வேல பாக்குறவுக இருமாம என்ன செய்வாக? பஞ்சுத் தூசி. அங்க அம்புட்டுப் பேரும் இருமத்தான் செய்யுதாக."

சோலைராஜ் பேச வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. மூச்சு விட இடமில்லாமல் அடுக்கடுக்காக இருமி, முகம் கறுத்து, கடைசியில் 'ஊப்' என்ற சத்தத்தோடு மூச்சை இழுத்தார். தட்டிலிருந்த வெற்றிலை சிதறியது.

"மிசின் ரிப்பேர்னு ரெண்டு வாரமா மில்லு லீவு. தூசி எங்கண்ணே?" என்றாள் பாண்டீஸ்வரி. "இது கக்குவான் இருமலா இருந்தா? உனக்கு வெறும் இருமல். இவனுக்கு மூச்சே நின்னுரும்."

மாரிச்செல்வி விடவில்லை. "மாசமா இருக்கையிலயே அதுக்கு ஊசி போட்டியே, பொறவென்ன பயம்?"

"மாமியார் வைய வையப் போட்டேன். குடை இருக்குன்னு புள்ளய மழையில கிடத்துவாகளா? ஒன்றர மாசத்துலதான் இவனுக்கு மொத ஊசி. அதுவரைக்கும் சுத்தி இருக்கிற நாமதான் காவல்."

"அப்பம் சீரைத் திருப்பிக் கொண்டுட்டுப் போறோம்!"

"கொண்டுட்டுப் போங்க. புள்ள இருந்தாத்தான் இடுப்பு. இடுப்பு இருந்தாத்தான் அரைஞாண்."

சோலைராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். சோதனையில் கக்குவான்தான் என்று தெரிந்தது. அவருக்கும் மாரிச்செல்விக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

குழந்தைக்கு முதல் ஊசி போட்டுச் சில வாரம் கழித்து, இருமல் முற்றிலும் நின்ற பிறகுதான் அவர் மறுபடி வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். புஜத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பின்னால் வந்த மாரிச்செல்வியின் கையிலும்.

"இப்ப எம்மேல இருக்கிறது இந்த ஒரு பஞ்சுதான் தாயி. தூக்கலாமா?"

பாண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே பிள்ளையை நீட்டினாள்.

"மாமனுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கேலி செய்த உறவுக்காரப் பையனிடம், அரைஞாணை முடிந்துகொண்டே சோலைராஜ் சொன்னார்:

"ஏலே, புள்ளைக்கு மட்டும் ஊசி போட்டாப் பத்தாது. பெத்தவளுக்கும் போடணும், தூக்கணும்னு ஆசப்படுற கையிலயும் போடணும். அதுதாம்லே மாமன் செய்யவேண்டிய மொதச் சீரு."