வரிசைக்குப் பதினொரு ஜன்னல்

என் தங்கை லெட்டிஸ் கட்டிய புது மாளிகையின் முகப்பில் வரிசைக்கு ஒன்பது ஜன்னல். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அது வெள்ளைக் கல்லில் எழும்பிய நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. மூத்தவள் நான். எனக்கு வாய்த்ததோ, என் கணவர் ராண்டலின் முப்பாட்டனார் கட்டிய, கூரை தலையிடிக்கும் மூன்று தள மரச்சட்ட வீடு.

"நமக்குப் பதினொண்ணு வேணும்," என்றேன்.

"வீட்டை இடிச்சுக் கட்ட நம்மால முடியாதுடி."

"யாரு இடிக்கச் சொன்னா? முன்பக்கம் மட்டும் புதுசா கல்லுச் சுவர் வைக்கலாம். நம்ம ஷ்ராப்ஷயர் மாவட்டத்துல பாதிப் பேர் அதைத்தான் பண்றாங்க."

கட்டட மேஸ்திரி டென்ஷா அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"உள்ள மூணு தளம் இருக்கும்மா. நீங்க கேக்குற உசர ஜன்னல் ரெண்டு வரிசைதான் வரும். ரெண்டும் ஒத்துப் போகாது. உங்க படுக்கையறையில ஜன்னல் இடுப்பு உசரத்துலயே முடிஞ்சிரும்."

"வெளியே இருந்து தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கட்டுங்க."

கட்டி முடித்தார்கள். தினமும் விடிந்ததும் படுக்கையறைத் தரையில் மண்டியிட்டு, இடுப்புக்குக் கீழே போய்விட்ட அந்த ஜன்னல் வழியாக, லெட்டிஸ் இன்னும் எதையாவது புதிதாக எழுப்புகிறாளா என்று பார்ப்பேன். அவள் முகம் ஒரு தடவையாவது சுருங்க வேண்டும். எனக்கு அது போதும்.

வசந்தத்தில் தேநீருக்கு அழைத்தேன். வண்டியிலிருந்து இறங்கியவள் வாசலிலேயே நின்று ஜன்னல்களை எண்ணினாள். உதடு அசைந்தது. பத்து, பதினொன்று. முகம் நிஜமாகவே சுருங்கியது. எனக்குச் சிறகு முளைத்தது.

கேக்கைக் கடித்தபடி கேட்டாள்: "அக்கா, எங்க வீட்டுக்காரரு மாடியில தொலைநோக்கி வாங்கி வெச்சிருக்காரு. தினம் காலையில உன்னைப் பாக்குறேன். எங்க வீட்டைப் பாத்து எதுக்கு மண்டி போடுற?"

ராண்டல் இருமினார். ஜன்னல் கதையைச் சொன்னால் ஊரே சிரிக்கும்.

"ஜெபம் பண்றேன்," என்றேன்.

"யாருக்காக?"

"உனக்காகத்தான்."

லெட்டிஸின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நான் உன்னைப் பொறாமைக்காரின்னு நெனச்சுட்டேன்க்கா. இனிமே தினமும் நீ ஜெபம் பண்றதைப் பாத்துட்டுத்தான் சாப்பிடவே உக்காருவேன்."

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. மழையோ பனியோ, காலை எட்டு மணிக்கு அவள் வீட்டைப் பார்த்து நான் மண்டியிட்டாக வேண்டும். அவள் அங்கிருந்து கைக்குட்டையை ஆட்டுகிறாள்.